எட்டு என்று சொல்லாத பத்தக்காவுக்கு

வெட்டும் கையால் வாழவைத்த வித்தகியே! கரடுமுரடாய் வந்த காட்சிகளைக் கண்ணியம் மிக்க கதையாக்கிய கலைமணியே! முப்பத்தோராண்டுக் காலம் முகம் காட்டாமலே முத்திரை பதித்த முன்னவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பிரிவின் மூத்த தொகுப்பாளரே, எல்லோருக்கும் பத்தக்காவே, வணக்கம்!

இந்த வரிசையில் இன்னும் ஆறு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். இது உங்கள் மேசைக்கு வந்திருந்தால் மூன்றாவது சொல்லிலேயே கத்தரி வைத்திருப்பீர்கள் என்று ஒலிப்பதிவாளர் நினைவுபடுத்தியதால் நிறுத்திக்கொண்டோம். உங்களைப் பாராட்டும் மடலைக்கூட உங்களுக்குப் பயந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.

சன்னல் இல்லாத, மின்விசிறிக்கும் வாய்ப்பூட்டுப் போட்ட அந்த இரண்டாம் மாடித் தொகுப்பறையில், நாடாக்கள் போய்த் தகடுகள் வந்து, தகடுகள் போய் நகம் அகலக் கார்டுகள் வந்த மாற்றம் அத்தனைக்கும் ஈடுகொடுத்தீர்கள். மாணவர்கள் வீட்டிலிருந்தே படிக்க நாம் எடுத்த காணொளிப் பாடங்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் உங்கள் விரல் படாத பாடம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் மாறாமல் காத்தது ஒரே ஒரு வழக்கம். பாடம் முடிந்ததும் கேமராவை அணைக்கக்கூடாது. மானிட்டர் அருகே நின்று நீங்கள் மெல்லிய குரலில் பத்து எண்ணி முடிக்கும்வரை அது ஓட வேண்டும். வெட்டுவதற்கு வால் வேண்டும் என்பீர்கள். அந்த வால்களால் ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிகிறது என்று ஒளிப்பதிவாளர் கரடியாகக் கத்தியும் நீங்கள் அசைந்து கொடுக்கவில்லை. அவர்தான் எரிச்சலில் உங்களுக்குப் ‘பத்தக்கா’ என்று பெயர் வைத்தவர்.

அந்த ஒளிப்பதிவாளருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. நிறைந்த கார்டு சட்டையின் வலது பைக்கு, காலிக் கார்டு இடது பைக்கு. பல ஆண்டுகளாகக் கை தானாகப் போய்வரும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, திருமண நாளுக்கு மனைவி எடுத்துக் கொடுத்த புதுச் சட்டையை ஆசையாகப் போட்டுக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்தார். அந்தச் சட்டைக்கு ஒரே ஒரு பை.

அன்று கேமரா முன் நின்றவர் நம் கணித ஆசிரியை. கணக்கில் தோற்றுத் தோற்றுத் துவண்ட பிள்ளைகளுக்கு, “பயப்படாதீங்க, இது வெறும் கணக்குதான்” என்ற அவர் குரலே பாதித் தேர்ச்சி. அந்தக் குரலுக்கு நாள் குறித்திருந்தார்கள். வியாழக்கிழமை தொண்டையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பேச்சு வராது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த இரண்டு பாடங்களையும் தன் குரலிலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே உதவி.

இரண்டும் நல்லபடியாக முடிந்தன. இடைவேளையில் நம் ஒளிப்பதிவாளர் நிறைந்ததையும் காலியானதையும் அந்த ஒற்றைப் பையிலேயே போட்டார். பிறகு ஒன்றை எடுத்தார், ஃபார்மேட் செய்து துடைத்தார், கரும்பலகையில் ஆசிரியையின் கை எழுதுவதை மட்டும் இருபது நிமிடம் எடுத்தார். மாலையில் மற்றக் கார்டைச் செருகிப் பார்த்தபோது அது வெறுமையாக இருந்தது. இரண்டு பாடங்களின் மேல்தான் அந்தக் கையைப் படம் பிடித்திருக்கிறார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கார்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம், கார்டு கெடுவது உலகத்தில் நடக்காத சங்கதியா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, செவ்வாய் காலை உங்கள் அறைக்கு வந்து அதையே மென்று விழுங்கிச் சொன்னார். நீங்கள் கார்டைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள், அன்று அவர் போட்டிருந்த பழைய சட்டையைப் பார்த்தீர்கள்.

“நேத்து போட்டிருந்த சட்டைக்கு எத்தனை பை?” என்று கேட்டீர்கள்.

“ஒண்ணுதாங்க்கா” என்றார்.

திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தார். நீங்களோ அந்தக் கார்டில் இனி ஒரு எழுத்தும் எழுதக்கூடாது என்று அதன் ஓரத்துப் பூட்டைத் தள்ளிவிட்டு, மீட்கும் வேலையில் உட்கார்ந்தீர்கள். நண்பகலுக்குள் ஒரு பாடம் முழுதாகத் திரும்பி வந்தது. மற்றது, பின்னங்களைப் பற்றிய கடைசிப் பாடம், போனது போனதுதான். மேலாளர் தொலைபேசியில் ஒரு வழி சொன்னார்: ஆசிரியைக்கு ஏற்கெனவே மனக் கவலை இருக்கும்போது இதையும் சொல்வானேன், வேறு யாரையாவது பேசவைத்துப் பூசி மெழுகிவிடலாம் என்றார். ஒளிப்பதிவாளருக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டோம்.

“அவங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் குரல் இருக்கு. நாம மறைச்சா அந்த ரெண்டு நாளையும் நாமதான் அழிச்சதா ஆகும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினீர்கள்.

ஆசிரியையின் வீட்டு மாடிப்படி ஏறும்போது ஒளிப்பதிவாளர் மன்னிப்பு வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். கதவு திறந்ததும் அது மறந்துபோனது. நீங்கள்தான் பேசினீர்கள். “டீச்சர், பின்னம் பாடம் எங்க கையால அழிஞ்சுபோச்சு” என்றீர்கள். ‘இவர் கையால்’ என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும்கூட. பிறகு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் தவறு பிரிவினுடையது என்றே எழுதினீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் தன் வேலையும் மானமும் தப்பின என்று இன்றுவரை அவர் நன்றியோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியை இருவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பிறகு, “நேத்து கொஞ்சம் அவசரமாச் சொல்லிட்டேன்னு எனக்கே உறுத்திட்டிருந்தது. நாளைக்குக் காலையில வாங்க” என்றார்.

புதன் காலை, அவர் வீட்டுக் கூடத்திலேயே விளக்கு வைத்தோம். மகள் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஒளிப்பதிவாளர் இரண்டு பை வைத்த சட்டையில் வந்திருந்தார். போதாததற்கு வலது பையில் பேனாவால் ‘நிறைந்தது’ என்று எழுதியும் இருந்தார். ஆசிரியை நிறுத்தி நிதானமாகப் பின்னத்தைச் சொல்லி முடித்தார். நீங்கள் வழக்கம்போல எண்ணத் தொடங்கினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நீங்கள் ஏழு என்றபோது ஆசிரியை மகள் பக்கம் திரும்பி, “நல்லாச் சொன்னேனா?” என்று கேட்டார். மகள் தலையாட்டினாள். அவர் சிரித்தார். வாய்விட்டு, அடக்கமுடியாமல், இரண்டு நாள் பாரத்தையும் சேர்த்து இறக்கிவைத்துச் சிரித்தார். மகளும் சிரித்தாள். எங்கள் யாருக்கும் தெரியாமல் நீங்கள் எண்ணுவதை விட்டுவிட்டீர்கள். கேமரா நாற்பது நொடி ஓடியது. எட்டு என்று நீங்கள் சொல்லவே இல்லை.

பாடம் மாணவர்களுக்குப் போனது. அந்த வாலை வெட்டித் தனிக் கார்டில் போட்டு மகளின் கையில் கொடுத்தீர்கள். அந்த வீட்டில் அந்தக் குரல் கடைசியாகச் சிரித்த சிரிப்பு அதுதான். அதற்குப் பிறகு ஹார்டு டிஸ்க் நிரம்புகிறது என்று ஒளிப்பதிவாளர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஆசிரியை இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மடலில் சேர்க்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த வரி இது: “என் சிரிப்பு வீட்டில் பத்திரமாக இருக்கிறது, அக்கா.”

நன்றி மறவா நாங்கள் உங்களுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறோம். ஆயிரம் பாடங்களில் எதிலும் உங்கள் முகம் இல்லை; குரல் இருந்த இடத்தையெல்லாம் நீங்களே வெட்டிவிட்டீர்கள். ஆனால் மூலப் பதிவுகளின் ஒவ்வொரு வாலிலும் நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சளி பிடித்த குரலில், கோபத்தில், பசியில், ஒருமுறை தும்மிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. அத்தனையையும் தேடிச் சேர்த்து இந்தக் கார்டில் வைத்திருக்கிறோம். எங்கள் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு நொடிகூட வெட்டாமல்.

நோயின்றி, நோவின்றி, நல்ல உறக்கமும் நல்ல பசியும் வாய்த்து நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். நாளை முதல் சன்னல் உள்ள அறையில், விசிறியை வேண்டிய மட்டும் சுழலவிட்டு உட்காருங்கள்.

மடல் முடிந்தது. ஆனால் அரங்கின் பின்னால் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அணைக்க நம் ஒளிப்பதிவாளருக்கு மனம் வராது. முறைப்படி நீங்கள் எண்ண வேண்டும். ஏழு வரை எண்ணுங்கள், அக்கா. எட்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என்றும் உங்கள் எண்ணிக்கைக்குள் இருக்கும்,
ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, தொகுப்புப் பிரிவு ஊழியர்கள்

வாசித்தளித்தவர்: ஒற்றைப் பைக்காரர்