விடியல் வகுப்பில் தேறாதவர்கள்

விடியல் வகுப்புப் பெரியவர்களே, இந்த அகாலத்தில் உங்கள் போனைச் சிணுங்க வைத்ததற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நாளை மாஸ்டரின் இரங்கல் கூட்டத்தில் பள்ளியின் சார்பில் நான் பேச வேண்டும் என்று மாஸ்டரின் மனைவி கேட்டிருக்கிறார். எழுதியதைக் கீழே தந்திருக்கிறேன். இதில் உங்கள் ரகசியம் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் வாசிக்க மாட்டேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

*

மேடையில் அமர்ந்திருக்கும் மாஸ்டரின் துணைவியார் அவர்களே! ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர்களே! மாஸ்டரிடம் திட்டு வாங்கி, பிறகு லைசென்சும் வாங்கி, இன்று அவருக்காகவே வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பள்ளியின் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறவள். கியர் போடக் கற்றுத்தந்த மாஸ்டரை உங்களுக்குத் தெரியும். கிளட்சைச் சட்டென்று விட்டால் "என்னப்பா, குதிரையா ஓட்டுற?" என்று கத்தும் மாஸ்டரைத் தெரியும். விடியற்காலை வகுப்பு எடுத்த மாஸ்டரைத் தெரியுமா? அந்த வகுப்பில் யார் படித்தார்கள், என்ன படித்தார்கள், தெரியுமா?

அந்த வகுப்பிலிருந்து ஒருவர்கூடத் தேர்வுக்குப் போனதில்லை! வருபவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள். மாதக்கணக்கில் வருவார்கள். மற்ற ஆசிரியர்கள் கேலி செய்வார்கள்: "மாஸ்டர், உங்க மாணவர்கள் லைசென்ஸ் எடுக்கறதுக்குள்ள வண்டியெல்லாம் தானே ஓட ஆரம்பிச்சிடும்."

மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் இன்னொரு மாணவர் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தால், என் அப்பா! வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர்!

"என்னப்பா இங்க?"

"வண்டி கத்துக்கலாம்னு."

"நேத்து நீங்கதானே என்னைக் கொண்டுவந்து விட்டீங்க?"

"அது... ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் மறந்துபோச்சும்மா."

வீட்டில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்த வயசுல வண்டி கத்துக்கப் போறாராம். அந்த ஸ்கூல்ல பொம்பளைங்க யாராவது இருக்காங்களாடி?"

"நான்தாம்மா இருக்கேன்."

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு காலை, குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "ஆஸ்பத்திரி வழியாத்தான் போறோம், ஏறிக்கோ" என்றார் மாஸ்டர். பின்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அப்பா ஓட்டினார். அருமையாக ஓட்டினார். மைதானத்தைச் சுற்றும் சாலையில் திரும்பியதும், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்மா. எனக்குப் புராஸ்டேட்ல புற்றுநோய் இருக்கு. சின்னதாம். மெதுவா வளர்றதாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், கவனிச்சுக்கிட்டே இருப்போம்னு டாக்டர் சொல்லிட்டார்."

மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கில் மெல்லக் கால் வைத்தார். வண்டி நிற்கவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த என்னாலும் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதிரெதிரே உட்கார்ந்தால் வாயே திறக்காத ஆண்கள், ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசிவிடுகிறார்கள்! அதற்காகத்தான் அந்த வகுப்பு! அதற்காகத்தான் அந்த எல் போர்டு!

நண்பர்களே, நோய் என்றால் மருந்து உண்டு, அறுவைச் சிகிச்சை உண்டு, பார்க்க வருகிறவர்கள் உண்டு. இவர்களுக்கு என்ன உண்டு? புற்றுநோயாம், இப்போதைக்கு மருந்து வேண்டாமாம், போய் வேலையைப் பாருங்கள் என்றாராம் டாக்டர்! வெளியே சொன்னால் பாதிப் பேர் அழுகிறார்கள், மீதிப் பேர் நம்புவதில்லை. நோயாளி வரிசையிலும் இடமில்லை, நல்லாயிருப்பவர் வரிசையிலும் இடமில்லை. குழந்தை இரண்டு முறை தும்மினால் டாக்டருக்குப் போன் போடுகிறவள் நான். ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவில் இவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்? எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

மாஸ்டருக்கு அது தெரியும். ஏனென்றால் அவருக்கும் அதே நோய்தான். ஆம், பல வருடங்களாக! ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டுக்காக நகம் கடித்துக்கொண்டிருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து, "வண்டி ஓட்டத் தெரியுமா? தெரிஞ்சாலும் பரவாயில்ல, வாங்க" என்று அழைத்து வந்துவிடுவார்.

அவர் ஒன்றும் தெய்வம் இல்லை. முன்கோபக்காரர். யாராவது "நெட்ல ஒண்ணு படிச்சேன் மாஸ்டர்" என்று ஆரம்பித்தால் போதும், சடக்கென்று பிரேக்! பின்னால் இருப்பவர்கள் முன்சீட்டில் முட்டிக்கொள்வார்கள். "டாக்டர்கிட்ட கேட்டியா? கேக்கல இல்ல? நாளைக்குப் போறோம், நானும் வரேன்." சொன்னபடி போவார். உள்ளே டாக்டர் பேசுவது பயத்தில் இவர்கள் காதில் ஏறாது என்று தெரிந்து, கூடவே உட்கார்ந்து கேட்டு, வெளியே வந்து பொறுமையாகத் திருப்பிச் சொல்வார்.

குழாய் வேலை செய்யும் ஒருவர் அந்த வகுப்பில் உண்டு. தனிக்கட்டை. "ஊர்க் குழாயெல்லாம் சரிபண்ணினேன், என் குழாய்க்குத்தான் ஆள் கிடைக்கல" என்பார். வண்டியே குலுங்கும். ராத்திரியில் எத்தனை தடவை எழுகிறோம், மனைவியிடம் ஏன் எரிந்து விழுகிறோம், நாளைக்குச் சிகிச்சை என்று வந்தால் தாம்பத்தியம் என்னவாகும் என்று, எங்கும் பேச முடியாததை எல்லாம் அங்கே பேசினார்கள். ஒருவர் அழுதால், "இன்னும் ஒரு சுத்து போலாம்" என்பார் மாஸ்டர். அவ்வளவுதான்.

அவர்களில் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியது. இனிக் காத்திருக்க வேண்டாம் என்றார் டாக்டர். கதிர்வீச்சு முடியும்வரை தினமும் கொண்டுபோய்க் கூட்டிவந்தவர் யார்? மாஸ்டர்! அந்த மாணவர் இன்று நலமாக இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். தக்க நேரத்தில் கவனித்ததால்தான் உட்கார்ந்திருக்கிறார்!

இதை எல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? மாஸ்டரைத் தூக்கிக்கொண்டுபோன அன்று வாசலில் ஒருவர் சொன்னார்: "அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா இருந்திருப்பார். சும்மா பாத்துக்கிட்டே இருந்து உயிரை விட்டுட்டார்." அது பொய்! மாஸ்டரின் மனைவி என் கையைப் பிடித்துச் சொன்னார்: "இருதயம் நின்னுதான்மா போனார். புற்றுநோய் இருந்த இடத்துல அப்படியேதான் இருந்துதுன்னு டாக்டர் சொன்னார். மேடையில சத்தமாச் சொல்லு." சொல்கிறேன். சத்தமாகச் சொல்கிறேன்!

ஆனால் அந்தப் பொய்யை வாசலில் நின்று கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அன்றிலிருந்து அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. ரத்தப் பரிசோதனை நாள் வந்தது, போனது. "மாஸ்டரே போயாச்சு, இனி என்னத்தப் பாக்கறது" என்கிறார். கவனித்துக்கொண்டே இருப்பதும் கண்ணை மூடிக்கொள்வதும் ஒன்றா? மாஸ்டர் இருந்தால் பிரேக் போட மாட்டாரா?

மாஸ்டர் அவர்களே! உங்கள் வண்டி ஷெட்டில் நிற்காது. வருகிற திங்கட்கிழமை விடியலில் கதவைத் திறப்பவள் நான். உங்கள் இருக்கையில் யார் உட்காருவது என்று இன்னும் தெரியவில்லை. முறை வைத்து உட்காருவோம். ரிப்போர்ட் வாங்கப் போகிற எவரையும் தனியாகப் போக விடமாட்டோம். இந்த அரங்கில் யாரேனும் சொல்லாமல் மூடி வைத்திருந்தால், அவர்களுக்கும் அந்த வண்டியில் இடம் உண்டு. இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

*

இவ்வளவுதான். குழாய்க்கார மாமா, உங்கள் ஜோக் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். மற்றவர்களை யாரும் அடையாளம் காண முடியாது என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லுங்கள்.

அப்பா, நீங்களும் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். இன்னும் தூங்கியிருக்க மாட்டீர்கள். நாளை அம்மா முன்வரிசையில் இருப்பாள். மேடையிலிருந்து என் வாயால் அவளுக்குத் தெரிய வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் உங்களைப் பற்றிய வரிகளை எல்லாம் அடித்துவிடுகிறேன், கோபம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க என்னோடு வாருங்கள். சொல்வீர்களா, அடித்துவிடட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள் அப்பா.