பதினேழாம் போர்ட் பச்சை

எனக்குச் சிவப்பு நிறம் ஆகாது சார். சட்டையில்கூடப் போடமாட்டேன்.

கரையான்சாவடியில் நான் நெட்வொர்க் பொறுப்பு பார்த்த ஆஸ்பத்திரியின் முதலாளிக்கும் அப்படித்தான். அவர் அறையில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருந்தோம். கட்டடத்து ஒயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் எந்த போர்ட், அதாவது ஒயர் செருகும் துளை, சரியாக இருக்கிறது, எது பழுது என்று அதில் தெரியும். சரியென்றால் பச்சை, பழுதென்றால் சிவப்பு. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் புரியாது. டிராஃபிக் சிக்னல் தெரிந்தவர், அவ்வளவுதான்.

ஒவ்வொரு போர்ட்டும் தன் வழியாகப் போகும் தகவலைத் தானே எண்ணி வைத்துக்கொள்ளும். போனது எத்தனை, உடைந்தது எத்தனை என்று இரண்டு கணக்கு. என் கீழே வேலை பார்த்த திவ்யா, அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி டிவியில் நிறம் காட்டுகிற ஸ்கிரிப்ட் ஒன்றை, சின்ன புரோகிராம்தான், எழுதினாள். கெட்டிக்காரப் பெண். கெட்டிக்காரர்களிடம் இதுதான் தொல்லை, கேட்டால் பதில் வந்துவிடுகிறது. பதினேழாம் போர்ட் சிவப்பாகவே நின்றது.

ஐசியூவில் மூன்றாம் படுக்கையின் இதயத்துடிப்பை நர்ஸ் மேசைத் திரைக்குக் கொண்டுபோகும் போர்ட் அது. ஒயர் புது சீலிங்குக்குள் எங்கேயோ நசுங்கியிருந்தது. திறப்பு விழாவுக்காகப் போட்ட சீலிங். உடைக்கலாமா என்று முதலாளியிடம் போய்க் கேட்க எனக்கென்ன பைத்தியமா? ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். கணக்கைக் கேட்பதற்கு முன்னால் அதை அழித்துவிடும் வரி.

"அண்ணா, உடைஞ்சதும் சைபர், போனதும் சைபர்னு காட்டுது. அப்போ அந்த பெட்ல மானிட்டரே இல்லன்னு அர்த்தம்" என்றாள் திவ்யா.

நியாயமான பேச்சு. உடைந்ததை மட்டும் அழிக்கும்படி மாற்றினேன். அதைப் பார்த்து, "சுத்தம்" என்றாள். நம் ஊரில் அந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

பிறகு எத்திராஜ் என்ற பெரியவர் அந்தப் படுக்கைக்கு வந்தார். ஆவடி ஃபேக்டரியில் ரிடையர் ஆனவர். நர்ஸ் கஸ்தூரி என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, அந்தப் பெரியவரு கோடு ஸ்கிரீன்ல அப்டியே நின்னுடுது. அப்பறம் ஓடுது. எனக்கு பயமா கீதுண்ணா."

பச்சையைக் காட்டினேன். "மெஷின் பொய் சொல்லுமா, நீ சொல்லுவியா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அந்தத் திரைக்கே திரும்பிப் போய்விட்டாள். மரியாதை தெரிந்த பெண்.

எத்திராஜின் இதயம் நின்றபோது மேசைத் திரையில் அவருடைய பழைய துடிப்பு அழகாக உறைந்து நின்றது. உள்ளே மானிட்டர் கத்தியது கண்ணாடிக் கதவைத் தாண்டி வரவில்லை. கஸ்தூரி தூங்கவில்லை சார். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

சேதி வந்ததும் பதினேழாம் போர்ட்டின் கணக்கை எடுத்துப் பார்த்தேன், முதல்முறையாக அழிக்காமல். ஸ்கிரிப்ட் கடைசியாக அழித்ததற்குப் பிறகு மட்டுமே உடைந்தவை ஆயிரக்கணக்கில் இருந்தன. கஸ்தூரி மேல் தப்பில்லை என்று சொல்ல அங்கே இருந்த ஒரே சாட்சி அதுதான். விசாரணைக் குழு படியேறி வந்துகொண்டிருந்தது. அழித்தேன். அவர்களுக்குப் பச்சையைக் காட்டினேன். நர்ஸின் கவனக்குறைவு என்று முடிவு செய்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். டிவியைப் பார்த்து முதலாளி எனக்குச் சால்வை போட்டார்.

இப்போது அவள் மாங்காட்டில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். கோயிலுக்குப் போனபோது பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. "நல்லா கீறியாம்மா?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மனிடம் அவள் பேருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்துவிட்டு வந்தவனிடம் இப்படி நடந்துகொள்ள அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ, எனக்குப் புரியவில்லை சார்.