இரண்டு புள்ளி ஏழு

என் வாழ்நாளில் நான் ஒரு பொய்யான எண்ணைச் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை. கல்யாணப் பேச்சின்போது என் உயரத்தைக் கேட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமுடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அளந்து சொன்னேன். பெண்ணின் அப்பா மட்டும் சிரித்தார். "ஒரு அங்குலம் கூட்டித்தான் சொல்லுங்களேன் மாப்ள. யாரு ஏணி வச்சுப் பாக்கப் போறா?" என்றார். அன்றைக்கே அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஐயா, அந்த மாமனாரின் சாவு பற்றிய கோப்பை இன்று பதினொரு மணிக்கு வந்து மூடப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். விசாரணை அதிகாரிக்கு உண்மை தெரிய வேண்டும். இப்போது மணி எட்டு. நீங்கள் வருவதற்குள் எழுதி முடித்துவிடுவேன்.

நானும் அவரும் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவருக்கு 'நாற்காலி' என்று பெயர். கழிவுநீர்க் குழியில் விஷ வாயு எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கொரு முறை நடந்து போய்ப் பார்த்து, பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. முப்பது வருடத்தில் நடந்து போனது முப்பது தடவை இருந்தால் அதிகம். உட்கார்ந்த இடத்திலேயே எழுதுவார். பத்தைத் தாண்டினால் குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. அவர் பேனாவில் அது மூன்றைத் தாண்டியதே இல்லை. "குழிக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம். அது என்னைத் தொந்தரவு பண்ணாது, நான் அதைப் பண்ண மாட்டேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

அதனால்தான் மேலாளரிடம் போய்க் கேட்வே வைக்கலாம் என்றேன். சோற்று டப்பா அளவில் ஒரு பெட்டி அது. குழியின் சுவரில் இருக்கும் உணர்கருவி காற்றை அளந்து ரேடியோவில் அனுப்பும். கேட்வே அதை வாங்கிக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் காட்டும். அளவு மீறினாலோ, கருவியிடமிருந்து பேச்சு மூச்சில்லாமல் போனாலோ சைரன் அலறும். முப்பது நாள் சோதனை. தேறினால் நாற்காலிக்கு வேலையில்லை. "இது மனுஷன் இல்ல சார், பொய் சொல்லாது" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மாமனாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வயரிங்கில் யாரும் குறை சொல்ல முடியாது. கரன்ட்டுக்குச் சிவப்பும் கறுப்பும், எர்த்துக்குப் பச்சை, கணினிக்குப் போகும் இரட்டை வயர் முறுக்குக் கலையாமல். ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர்ச்சீட்டு கட்டினேன். ஒன்றே ஒன்றில்தான் சறுக்கினேன். கூரைக்கு ஏற வேண்டிய ஆண்டெனா கேபிளைக் கண்ணளவில் அறுத்துவிட்டேன். ஒரு முழம் குறைந்தது. புதிது வர மூன்று வாரம் ஆகும், திங்கட்கிழமை சோதனை. கேட்டால் "அளக்கலையா மாப்ள?" என்று ஒருவர் சொல்வார். அந்தக் குரல் காதில் கேட்டுவிட்டதால் யாரிடமும் கேட்கவில்லை. கேட்வேயை வைத்திருந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே ஆண்டெனாவையும் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஊரைக் கூப்பிடுவது போல என்று எனக்கும் தெரியும்.

(ஒன்பது அடிக்கிறது. பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வருகிறேன். எழுதியாயிற்று.)

முதல் நாளே சைரன் பத்தொன்பது முறை அலறியது. வாயு இல்லை. சிக்னல் அறுந்து அறுந்து வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் வேலையை விட்டு நூறு பேர் வாசலுக்கு ஓடினார்கள். பத்தாவது முறை நடந்தார்கள். பதினைந்தாவது முறை ஒருவர் டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. மாமனார் என் தோளைத் தட்டி, "பொய் சொல்லாதுதான் மாப்ள. ஆனா ரொம்பப் பேசுது" என்றார். மேலாளர் தட்டவில்லை. "இன்னொரு தடவை இது கத்துச்சுன்னா உன் மாமனார் கையில பேனாவைத் திருப்பிக் கொடுத்துடுவேன். நீயும் வெளிய போயிடலாம்" என்றார்.

ஐயா, நீங்கள் என் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் மனைவி அவர் மகள். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி அதே சிரிப்பு. மறுநாள் விடிவதற்குள் வந்து கேட்வேயின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. பதில்கள் மூன்று: சைரன் அடி, பூஜ்யம் காட்டு, கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிரு. நான் மூன்றாவதைத் தொட்டேன். இது பொய் இல்லை. கடைசியாக வந்த அளவு ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததுதானே.

சைரன் அடங்கியது. மேலாளர் கை கொடுத்தார்.

மூன்றாவது வாரம் குழிக்கு இரும்பு மூடி போட்டு, இறங்க ஒரு கதவு மட்டும் வைத்தார்கள். அதற்குப் பிறகு சிக்னல் அடியோடு வரவில்லை. திரையில் 2.7 என்று நின்றது. காலையில் 2.7, மதியம் 2.7, மறுநாளும் 2.7. வேலையில்லாமல் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த மாமனார்தான் கவனித்தார்.

"மாப்ள, இந்த நம்பர் ரெண்டு நாளா அசையல."

"நிலையா இருக்கு மாமா. நல்லதுதானே."

"உசுரோட இருக்கிற நம்பர் ஆடும். முப்பது வருஷம் கள்ள நம்பர் எழுதினவன் சொல்றேன். நானே கடைசிப் புள்ளியை மாத்தி மாத்தித்தான் போடுவேன். ஒரே நம்பரை எந்தக் கள்ளனும் எழுத மாட்டான். இது என்னை விட மோசமான ஆளு எழுதினது."

அறையில் நாலு பேர் இருந்தார்கள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அவ்வளவு அக்கறை இருந்தா, ஒரு தடவையாவது நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன் மாமா."

நாலு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடியே எழுந்தார். பிறகு மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் ஜன்னலருகே நின்றேன். அவர் முற்றத்தைக் கடந்து, மூடியின் கதவைத் தூக்கி, படி ஈரமாக இருந்ததால் செருப்பை மேலேயே விட்டுவிட்டு இறங்கினார். கருவியின் முகத்திலேயே ஒரு சின்னத் திரை உண்டு. அதைப் பார்க்கத்தான் போனார். பதினொரு படி.

செருப்பு அங்கேயே இருந்தது.

மேஜையில் கையால் அழுத்தும் சைரன் பொத்தான் இருந்தது. ஆனால் திரையில் 2.7 இருக்கும்போது அதை அழுத்த விதியில் இடமில்லை. ஏன் அழுத்தினாய் என்று கேட்பார்கள். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கேட்டால் சொல்ல வேண்டிவரும். அதனால் காத்திருந்தேன். நாற்பது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், உத்தேசம் இல்லை. பிறகு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது பதிலை எடுத்துவிட்டு முதல் பதிலை வைத்தேன். சைரன் அலறியது. எல்லாரும் ஓடி வந்தார்கள். நானும் ஓடினேன். அவர் ஏழாவது படியில் இருந்தார், முகம் மேலே பார்த்தபடி. திரும்பி ஏறியிருக்கிறார்.

சைரன் அடித்தும் அலட்சியமாக இறங்கினார் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. என் மனைவி தினமும் ஒன்றையே கேட்கிறாள்: "எங்கப்பா எந்திரிக்கவே எந்திரிக்காத மனுஷன். அன்னிக்கு மட்டும் ஏங்க போனாரு?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. ஆனால் அவள் தூங்குவதில்லை. நானும் தூங்கி ஐந்து வாரமாகிறது. அவர் அலட்சியமாகப் போகவில்லை ஐயா. அந்தத் தொழிற்சாலையில் அன்று அளவு பார்க்கப் போனவர் அவர் ஒருவர்தான். நான் அவரை அனுப்பினேன், பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைக் கொன்றது நான்.

இதை எழுதியதும் மனம் லேசாகிவிட்டது. ஒரு எண்ணைக்கூட மறைக்கவில்லை.

அன்றிலிருந்து பெட்டி ஓயாமல் அலறியதில் மேலாளருக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விட்டது. கழற்றி எடுத்துவிட்டு, பதிவேட்டையும் கையில் பிடிக்கும் அளவுகருவியையும் என்னிடம் கொடுத்தார். நேர்மையான ஆள் வேண்டுமாம். இப்போது அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். அளவுகருவி எதிரே ஆணியில் தொங்குகிறது. எட்டு மணியிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. உண்மையைப் பாதியில் விட்டு எழுந்தால் கோர்வை போய்விடும் இல்லையா.

சற்று முன் குழியைச் சுத்தம் செய்யும் இரண்டு பேர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணே, காத்து எப்படி இருக்கு? இறங்கலாமா?"

நான் பதிவேட்டைப் புரட்டி, இன்றைய பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். எட்டு மணிக்கு 2.6. ஒன்பதுக்கு 2.8. பத்துக்கு 2.5. ஒரே எண்ணாக இல்லை ஐயா, நன்றாக ஆடுகிறது.

"இறங்குங்க" என்றேன்.