ஓசையற்ற வண்டிக்குக் காது கொடுத்தவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் பணிமனையின் தலைமை மெக்கானிக்காய் வீற்றிருந்து இன்று ஓய்வு பெறும் ‘காது அண்ணன்’ அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து வாசித்தளிக்கும் மடல்

செவிச் செல்வரே! எஞ்சின்களின் ஏக்கம் அறிந்த ஏந்தலே!

உலகில் கார் பழுதுபார்க்கத் தேவையான கருவிகள் இரண்டே. ஒன்று இடது காது, மற்றொன்று வலது காது. தாங்கள் அருளிய இவ்வுண்மையில் எங்களுக்கு ஐயமில்லை; ஐயம் கொள்ள அனுமதியும் இல்லை. வாசலில் வண்டி திரும்பும்போதே, தேநீர்க் குவளையை வாயிலிருந்து எடுக்காமல், “மூணாவது பிளக் போச்சு” என்பீர்கள். கழற்றினால் மூன்றாவதேதான். அது இரண்டாவதாக இருந்த ஒரே ஒரு நாளில், நாங்கள் தப்பான பக்கத்திலிருந்து எண்ணியதைப் பொறுமையுடன் விளக்கினீர்கள்.

புகையோடு பிறந்து புழுதியோடு வளர்ந்த புலமையே! ஏழாண்டுகளுக்கு முன், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் முதல் ஹைபிரிட் வண்டி எங்கள் வாசலில் ஓசையின்றி வந்து நின்றது. இருமுறை சுற்றி வந்து, “செத்துப்போச்சா?” என்றீர்கள்.

“ஓடிட்டுதாண்ணே இருக்கு” என்றார், ஹைபிரிட் பயிற்சி முடித்து அம்மாதமே வேலைக்குச் சேர்ந்த, எங்கள் எல்லோருக்கும் தங்கச்சியான மெக்கானிக். அப்போது தங்கள் முகத்தில் தெரிந்ததை முகமலர்ச்சி என்று எழுதச் சொன்னார் மேலாளர். எழுதியாயிற்று.

ஆயினும் கற்றீர்கள், கற்றதைக் கேலியாகவே கற்பித்தீர்கள். பெட்ரோல் வண்டியில் பிரேக் உழைத்துத் தேயும். ஹைபிரிட்டிலோ வேகம் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே பார்த்துக்கொள்ள, பிரேக் சும்மா கிடந்து இறுகும். “நம்ம ஸ்டோர்கீப்பர் மாதிரி, உக்காந்தே துருப்பிடிக்குது” என்று ஒரே வரியில் பாடத்தை முடித்தீர்கள். பேட்டரியில்தானே ஓடுகிறது என்று ஆயில் மாற்றாமலே வந்த டாக்டரம்மாவிடம், “எஞ்சினும் உள்ளேதாம்மா இருக்கு, அதுக்கும் பசிக்கும்” என்றீர்கள்.

ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. ஹைபிரிட்டின் பெரிய பேட்டரியிலிருந்து செல்லும் ஆரஞ்சுக் கம்பியில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம். அந்தப் பக்கம் கை வைக்குமுன், ரப்பர்க் கையுறையின் வாயைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, ஒழுகுகிறதா என்று தங்கச்சி ஒவ்வொரு முறையும் பார்ப்பார். ஊசிமுனை ஓட்டை போதும், உயிர் போய்விடும்.

“என்னம்மா, இன்னைக்கும் பொறந்தநாளா? பலூன் ஊதுற?”

“நீங்களும் ஒரு தடவை பண்ணிப் பாருங்கண்ணே.”

“காது இருக்கறவனுக்குக் கையுறை எதுக்கு?”

ஏழாண்டுகள் இதையே முழங்கினீர்கள். ஆரஞ்சுக் கம்பி இருக்கும் பக்கமே போகாமல் அவ்வீரத்தை இறுதிவரை காத்தும் வந்தீர்கள்.

அஞ்சா நெஞ்சரே! தாங்கள் நெடுநாள் நலமுடன் வாழ்க! முழங்கால் முனகாமலும், முனகினால் எந்தக் கால் என்று வாசலிலேயே கண்டறிந்தும் வாழ்க! அண்ணியார் சார்பில் ஒரு விண்ணப்பம்: வீட்டு மிக்சி நன்றாகவே ஓடுகிறது, அதைக் கழற்ற வேண்டாம்.

இவ்வளவோடு முடித்து மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருப்போம். சென்ற செவ்வாய்க்கிழமை குறுக்கே வந்துவிட்டது.

மதிய உணவு நேரம். பின்னிருக்கை கழற்றிய ஹைபிரிட் ஒன்று பேட்டரி தெரிய நின்றது. மிச்ச வேலைக்காகத் தங்கச்சியின் கையுறைகள் மேசையில் கிடந்தன. தாங்கள் வந்தீர்கள். சுற்றுமுற்றும் பார்த்தீர்கள். இரைந்துகொண்டிருந்த கம்ப்ரசரை நிறுத்தினீர்கள். ஒரு கையுறையின் வாயைச் சுருட்டிக் காதருகே பிடித்து, கீழே வைத்தீர்கள். இரண்டாவதைப் பிடித்தபோது கண்களை மூடிக்கொண்டீர்கள். இன்னொரு முறை கேட்டீர்கள். பிறகு அந்த ஜோடியை யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி விரல் விரலாக வெட்டிக் குப்பையில் போட்டீர்கள். அலமாரியிலிருந்து புது ஜோடியை எடுத்து, அதையும் சுருட்டிக் கேட்டு, பழையது கிடந்தபடியே வைத்துவிட்டுக் கம்ப்ரசரை ஓடவிட்டீர்கள்.

உணவறைக் கண்ணாடி வழியே ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், தங்கச்சி உட்பட.

அவர் வந்து, ஒன்றும் அறியாதவர்போல், புதுக் கையுறையை எடுத்துச் சுருட்டினார். பலூன் பேச்சு எழவில்லை. ஒரு நொடி தயங்கி, அதைத் தங்கள் பக்கம் நீட்டினார்.

தாங்கள் தலை சாய்த்துக் கேட்டீர்கள்.

இங்ஙனம்,
பணிமனைத் தோழர்கள் ஒன்பதின்மர்
(ஸ்டோர்கீப்பரும் எழுந்து வந்து கையெழுத்திட்டார்)