கோட்டுக்குப் பின்னால் விட்ட இடம்

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் போகும் பஸ்ஸில், "ஒரு எடம் காலியா வுட்டதுக்கா சூளைல இருந்த கப்பு அத்தினியும் வெடிச்சுப் போச்சு?" என்று முன் சீட்டில் ஒருவர் கேட்டதும் பேப்பரை மடித்துவிட்டேன். அவர் பீங்கான் கம்பெனி சூப்பர்வைசர். அவர் பக்கத்தில் இருந்தவள், சூளைக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய பெண்.

"ஆமாண்ணே. புரோகிராமுல என்னென்ன சேரணும்னு ஒரு லிஸ்ட்டு இருக்குது. வரி நீளமாப் போனா கடைசில சாய்கோடு போட்டு அடுத்த வரில தொடரணும். கோட்டுக்கு அப்பறம் ஸ்பேஸ் இருந்தா, லிஸ்ட்டப் படிக்க நான் எழுதுன டூலு, வரி அங்கயே முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும்."

"அடுத்த வரில என்னா இருந்துது?"

"சூளைய மெதுவா ஆற வைக்கிற பகுதி. அது சேரவே இல்ல."

அவர் வெளியே கரும்பு வயல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"அத கடைசியா திருத்துனது நான்தாம்மா. கப்பு அடுக்கறப்ப ஓரத்துல ஒரு விரக்கடை எடம் வுடுவோம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாதுன்னு. கை அப்பிடியே பழகிடுச்சு, டைப் அடிக்கறப்பவும் வுட்டுட்டேன்."

"அது தப்பில்லண்ணே. புரியாத வரி வந்தா டூலு நின்னு சொல்லணும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"முன்ன சொல்லிட்டுதான் இருந்துது. சும்மா சும்மா ஸ்கிரீன்ல செவப்பா எழுதுது, ஆளுங்க பயப்படறாங்க, நிறுத்துங்கன்னீங்க. நானும் நிறுத்திட்டேன்."

பெண்ணாடம் நெருங்கும்போது அவர் சொன்னார்:

"மறுபடியும் சொல்ல வச்சிடும்மா."

"நேத்தே வச்சிட்டேண்ணே. மொதலாளி நஷ்டம்னு கம்பெனி கேட்ட இழுத்துப் பூட்டுனதுக்கு அப்பறம்."