நீலக் கோட்டின் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்

அவைக்குத் தலைமை ஏற்று, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே சட்டைப்பையில் தேடிக்கொண்டிருக்கும் நம் ரசிகர் மன்றத் தலைவர், பெருமதிப்பிற்குரிய செய்த்கலி அண்ணன் அவர்களே, கணவரின் குரலை ஊருக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டு அவருடைய குறட்டையை மட்டும் தமக்கென வைத்துக்கொண்ட பாத்திமா அக்கா அவர்களே, ஓராண்டு நினைவு விருந்துக்காக விடிந்தது முதல் ஷெல்பெக் ரொட்டி பொரித்து, எண்ணெய் வாசனை போகாத கைகளோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தாய்மார்கள் இழுத்து வந்த ஒரே காரணத்தால் வந்திருந்து, முதல் பாட்டு முடிவதற்குள் மூக்கை உறிஞ்சப் போகும் கணவன்மார்களே, சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இருமலிலிருந்து ஓய்வு பெறாத கரகண்டா நகரத்துப் பெரியோர்களே, உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் ஒரின்ஷா. தையல் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் துணி வெட்டியவள். பத்தே நிமிடம் பேசு என்று தலைவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணே, அது உங்கள் ஆசை. ஆசைப்பட யாருக்கும் உரிமை உண்டு.

மறைந்த மாமனிதரைப் புகழத்தான் என்னை மேடையேற்றினீர்கள். புகழாமல் போவேனா? ஆனால் புகழுக்கு நடுவே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குற்றம் சாதாரணமானதல்ல. குற்றவாளி நானேதான். என்ன, முன்வரிசையில் சிரிப்பு? கொஞ்சம் பொறுங்கள், சாட்சிகள் நீங்கள் எல்லோரும்தான்.

குரல் என்றால் நம் ஊரில் அன்று என்ன பொருள்? சுரங்கச் சங்குக்கு மேல் கேட்க வேண்டும், அதுதான் குரல். அப்படிப்பட்ட ஊருக்கு, எழுபத்து நான்காம் ஆண்டில், இதே மேடைக்கு வந்தார் குவான்திக் சர்மானவ். எதிரே அறுநூறு சுரங்கத் தொழிலாளர்கள். வாயைத் திறந்தார். பாடுகிறாரா, மைக்கிடம் குடும்பக் கதை பேசுகிறாரா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"ஏம்ப்பா, சாப்பிடலையா? சத்தமாப் பாடு."

பாட்டு நின்றது. வேறு பாடகராக இருந்தால் முகம் சிவந்திருக்கும். இவர் சிரித்தார்.

"அண்ணே, எனக்கு ஆண்டவன் குடுத்த சத்தமே இவ்வளவுதான். நீங்க கொஞ்சம் கிட்ட வாங்களேன்."

வந்தார்கள் ஐயா, வந்தார்கள். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள், நாற்காலி கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், மேடையை இடிக்கும் அளவுக்கு நெருங்கி வந்தார்கள். அதட்டிப் பாடியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், அருகில் அழைத்துப் பாடியவர் அவர் ஒருவர்தான். அன்றிரவு ஊரிலிருந்த ஒவ்வொரு பெண்ணும் அந்தப் பாட்டு தனக்காகவே பாடப்பட்டது என்று நம்பினாள். நானும் நம்பினேன். இன்றும் நம்புகிறேன், யாரும் திருத்த வேண்டாம். என் வீட்டுக்காரர், வானொலியில் அந்தக் குரல் வந்தால் எழுந்து போய் அணைப்பார். நான் எழுந்து போய்ப் போடுவேன். ஒரே ஆண்டில் வானொலியின் குமிழ் கழன்று என் கையோடு வந்துவிட்டது.

எழுபத்தொன்பதாம் ஆண்டில் அவருக்குக் கோட்டு தைக்கும் வேலை எங்கள் தொழிற்சாலைக்கு வந்தது. மயில்நீல வெல்வெட். அளவெடுக்கப் போனவள் யார்? இருபத்து நான்கு வயது ஒரின்ஷா. அவர் மார்பளவை மூன்று முறை எடுத்தேன். தொழில் நேர்த்திக்காகத்தான். ஏய், பின்னால் யார் அது விசில் அடிப்பது? எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது, வெட்கம் இல்லையா உனக்கு?

அப்போது அவர் சொன்னார், "தங்கச்சி, இதே துணியில ரெண்டு கோட்டு தைக்கணும். எனக்கு ஒண்ணு, விக்டருக்கு ஒண்ணு."

"வாத்தியக்காரங்களுக்குக் கறுப்புத்தாண்ணே. மேலேருந்து உத்தரவு."

"அப்ப எனக்கும் கறுப்பே தைச்சிரு."

உத்தரவு மாறியது. இரண்டு கோட்டும் என் கத்தரியால் பிறந்தவை.

விக்டர் என்றால் யார்? விக்டர் ரைமர். நாற்பத்தோரு ஆண்டுகள் அவருக்கு அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் வாசித்தவர். ஜெர்மானிய வம்சத்தில் பிறந்தவர், சொந்த பந்தமெல்லாம் மூட்டை கட்டி ஜெர்மனிக்குப் போனபோது, "நான் போயிட்டா அவனுக்கு யாரு சுருதி புடிப்பா?" என்று கேட்டு இங்கேயே தங்கியவர். நாற்பத்தோரு ஆண்டுகள் அந்த மேடையைப் பார்த்தோமே, அவர் முகத்தைப் பார்த்தோமா? கூட்டம் முடிந்ததும் மேடைக்கு ஓடினோமே, கை கொடுக்க, பூ கொடுக்க, கோட்டின் நுனியையாவது தொட்டுப் பார்க்க ஓடினோமே, அவர் பக்கம் ஒருவராவது ஓடினோமா? நான் ஓடவில்லை. எனக்கு இன்று அது வலிக்கிறது.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் நம் தலையில் இடி விழுந்தது. எண்பத்து நான்கு வயதில் அவர் கண்மூடினார். நிறைவாழ்வு வாழ்ந்தவர் போனால் துணியைக் கிழித்து, வந்தவர்களுக்குப் பங்கு வைப்பது நம் வழக்கம், அந்த ஆயுளில் நமக்கும் ஒரு துளி ஒட்டட்டும் என்று. சந்தையில் வாங்கிய வெள்ளைத்துணி தயாராக இருந்தது. அப்போது ஒருத்தி எழுந்தாள். "அவருக்குச் சந்தைத் துணியா? நீலக் கோட்டையே வெட்டுவோம்" என்று ஊரைக் கூட்டினாள். அவள் யார் என்று கேட்கிறீர்களா? உங்கள் முன்னால் நிற்கிறாள்.

பாத்திமா அக்கா அழுத கண்ணோடு நடைபாதை அலமாரியைக் கை காட்டினார். அங்கே நீலக் கோட்டு தொங்கியது. நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. கண்ணீர் வழிய வழிய வெட்டினேன். தீப்பெட்டி அளவில், ஒரு நூல் பிசகாமல், இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். கண்ணீரோடு கை நீட்டினீர்கள், ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு வைத்தேன்.

அந்தத் துண்டுகள் இந்த ஓராண்டில் என்னென்ன வேலை பார்த்தன! தலைவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தார், முழங்கால் வலி ஓடிவிட்டது என்றார். டாக்ஸி ஓட்டும் பெக்கேன் கண்ணாடிக்கு மேல் தொங்கவிட்டான், அன்றிலிருந்து போலீஸ் நிறுத்துவதில்லை என்றான். நம் கூல்பாஷ் அதைத் தொண்டையில் கட்டிக்கொண்டு அதிகாலையில் பாடவே தொடங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "அந்தத் துணியைத் திருப்பி வாங்கிக்க முடியுமாக்கா?" என்று கெஞ்சினார்.

இனிமேல்தான் குற்றம் வருகிறது. நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் மாதம் பாத்திமா அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"ஒரின்ஷா, பழைய டிரங்குப் பெட்டியத் திறந்தேன். உள்ள நீலக் கோட்டு இருக்கு."

"எந்த நீலக் கோட்டுக்கா?"

"அவரோடதுதான்."

"அப்ப நான் வெட்டினது?"

"விக்டரோடதா இருக்கும்டி. அவன் கோட்டுக்கும் நான்தானே இஸ்திரி போடுவேன். எங்க வீட்டு அலமாரியிலதானே தொங்கும்."

ஓடினேன். காலருக்கு அடியில் நானே சிவப்பு நூலில் போட்ட குவான்திக் அண்ணனின் பெயரெழுத்து அப்படியே இருந்தது. முப்பத்தாறு ஆண்டு துணி வெட்டியவள், தன் கையால் தைத்த கோட்டைத் தானே அடையாளம் தெரியாமல் வெட்டியிருக்கிறாள். ஆம், அன்பர்களே. உங்கள் தலையணைக்கு அடியிலும், கண்ணாடிக்கு மேலும், கூல்பாஷின் கழுத்திலும் இருப்பது குவான்திக் அண்ணனின் கோட்டு அல்ல. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் விக்டர் அண்ணனின் கோட்டு.

ஏன் எல்லோரும் அவரையே திரும்பிப் பார்க்கிறீர்கள்? மூச்சு விடுகிறார். நான் வந்தவுடனே பார்த்துவிட்டேன்.

எனக்கும் இதே பயம்தான். உயிரோடு இருப்பவரின் துணியை இழவு வீட்டில் பங்கு வைத்தால் என்ன ஆகும்? அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை, அதனால் என்ன ஆகும் என்று சொல்லவும் ஆளில்லை. அவருக்கோ எழுபத்தொன்பது வயது, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர். வாரம் மூன்று நாள் குதிரை இறைச்சிச் சூப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஜனவரியில் ஒருநாள் அவர் என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"ஒரின்ஷா, உன் மனசுல என்னதான் இருக்கு? கல்யாணம் கில்யாணம்னு யோசிக்கிறியா?"

"ஐயோ, இல்லண்ணே."

"அப்பாடா. சூப்பு மட்டும் நிறுத்திராத."

சிரியுங்கள், சிரியுங்கள். நான் அன்று சிரிக்கவில்லை. போன வாரம் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து போய்த் தம் பர்ஸை எடுத்து வந்தார். உள்ளே ஒரு நீலத் துண்டு.

"எனக்கும் ஒண்ணு குடுத்தியே, மறந்துட்டியா? வரிசையில நின்னுதானே வாங்கினேன்."

"அண்ணே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"என் கோட்டு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்ணே வாயே திறக்கல?"

அவர் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நாப்பத்தோரு வருஷம் ஜனங்க அவன் பக்கமே கை நீட்டினாங்க. அதுல எனக்கு வருத்தமில்ல, அவன் குரலுக்கு நானே கை நீட்டுவேன். ஆனா அன்னிக்கு அத்தனை பேரும் அழுதுக்கிட்டு என் கோட்டுக்குக் கை நீட்டினீங்க. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல ஒரின்ஷா."

குவான்திக் அண்ணன் போனதிலிருந்து அவர் அக்கார்டியன் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆண்டு நினைவுக்காவது வாசிப்பீர்களா என்று கேட்டேன். "மேடையில உண்மையச் சொல்லு. சொன்ன பிறகும் அந்தத் துணிய ஜனங்க வச்சிருந்தாங்கன்னா வாசிக்கிறேன். இல்லேன்னா பெட்டி மூடியே இருக்கட்டும்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். இதோ மேசைமேல் குவான்திக் அண்ணனின் கோட்டு. இதோ என் கத்தரி. பாத்திமா அக்கா சம்மதம் சொல்லிவிட்டார். மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் வரலாம். கையிலுள்ள துண்டைக் கொடுத்துவிட்டு, நம் பாடகரின் துண்டையே வாங்கிக்கொண்டு போகலாம். தயங்காதீர்கள். யார்மீதும் எனக்குக் கோபமில்லை.

பெக்கேன் எழுந்துவிட்டான். வா தம்பி. மைக் பக்கம் வந்து சொல்.

"நான் அவர் பாட்டுக்காகத்தான் வாங்கினேன்கா. பொய் சொல்ல வராது. விக்டர் அண்ணே, தப்பா நெனைக்காதீங்க."

விக்டர் அண்ணன் தலையாட்டுகிறார். "சரிதான் தம்பி" என்கிறார். சபையோரே, முணுமுணுக்க வேண்டாம், நேர்மையாகச் சொன்னவனை ஏசக்கூடாது. ஒன்று திரும்பி வந்தது; இந்தா பெக்கேன், உள்மடிப்பில் வெட்டிய உன் துண்டு. அடுத்து யார்? கூல்பாஷா? நீயுமா?

"நான் திருப்பிக் குடுக்க வரல. அவன் குடுத்தான்ல, அதையும் எனக்கே குடுங்க. ரெண்டும் விக்டரோடதுதான? ரெண்டையும் கட்டிக்கிறேன்."

இந்தா, கட்டிக்கொள். பக்கத்து வீட்டுக்காரரை ஆண்டவன் காப்பாற்றட்டும். வேறு யார்? தலைவரே, உங்கள் கை சட்டைப்பைக்குள் போகிறதே? கண்ணாடியா? அது நெற்றியில் இருக்கிறது அண்ணே. வேறு யாருமில்லையா? கடைசி வரிசை? மாடி? இன்னொரு முறை கேட்கிறேன், பிறகு கேட்க மாட்டேன். யாருமே இல்லையா?

பார்த்தீர்களா விக்டர் அண்ணே? ஒரு துண்டுகூட மேசையில் இல்லை. எழுந்திருங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்கு வாருங்கள். வழி விடுங்கள் தாய்மார்களே, காலை மடக்குங்கள். உங்கள் கோட்டை வெட்டியவள் உங்களுக்கு ஒரு கோட்டு தர வேண்டாமா? பாத்திமா அக்கா, நீங்களே போர்த்திவிடுங்கள். ஆகா, என்ன அழகு. என்னண்ணே முகத்தைச் சுளிக்கிறீர்கள்?

"தோள் இறுக்குது ஒரின்ஷா. இதப் போட்டுக்கிட்டுக் கையை விரிக்க முடியாது. கழட்டிர்றேன்."

கழற்றாதீர்கள். திரும்பி நில்லுங்கள். மைக் பிடித்துப் பாடுகிறவருக்கு வெட்டிய முதுகு இது, துருத்தி விரிக்கிறவருக்கு எப்படிப் போதும்? அக்கா, முதுகுத் தையலைப் பிரிக்கவா? பிரி என்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். அசையாதீர்கள் அண்ணே, இந்த முறை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கத்தரியை எடுக்கிறேன். காலர் வரைக்கும் பிரித்தாயிற்று. இப்போது விரியுங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம். போதுமா?

போதும் என்கிறார்.

அன்பார்ந்த பெரியோர்களே, அருமைத் தாய்மார்களே, பொறுத்துக் கேட்டதற்கும், பொறுத்துக்கொண்டதற்கும் நன்றி. நாற்காலிகளை இழுத்துக்கொண்டு இப்படி இடது பக்கமாக நகருங்கள், அவர் முகம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். இவர் வாசித்து முடித்ததும் கை கொடுக்க வருகிறவர்களில் முதல் ஆள் நான், யாரும் முந்த வேண்டாம். வணக்கம்.