வகுபடாத எண்

— நான் பள்ளிக்கூடத்துல இருந்தப்ப ஏட்டு வந்தாராமே. நீ என்ன சொன்ன, கிருபா?

— நீங்க சொன்னதைத்தான். எங்க வீட்டு வாத்தியாருக்குக் கணக்குக் கிறுக்கு. தபால் கார்டுல இருக்கிறது எதாலயும் வகுபடாத எண்ணு. இவுகளும் சின்னமனூர் சைக்கிள் கடைக்காரரும் இப்படி எழுதிக்கிருவாக. அம்புட்டுதான்னேன்.

— நம்பினாரா?

— தபாலாபீசுலயே எண்ணை எழுதிக்கிட்டு, கார்டை அனுப்பிட்டாகளாம். பெரியகுளத்துக் கணக்கு வாத்தியாரு வகுத்துப் பாப்பாராம். வகுபட்டா உங்களுக்கு விலங்காம்.

— பாக்கட்டும்.

— மத்தியானம் என் தம்பி மலைச்சாமி வந்தான். உங்க கறுப்புத் துண்டைக் கேட்டு வாங்கிட்டுப் போனான். அவனும் மொகம் குடுத்துப் பேசல. ஆளாளுக்கு எங்கிட்ட என்னமோ மறைக்கிறீக.

— எதை மறைச்சாக இங்கன?

— இருபதாயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தப்ப, ‘வேணும்னா வகுத்துப் பாரு’ன்னு சிரிச்சீகள்ல. அந்தச் சிரிப்பு எனக்கு ஒப்பல. ரெண்டு நாள் அரிசிப் பானைக்குள்ள வச்சுக்கிட்டு வகுத்தேன்.

— கார்டை ரெண்டு நாள் போடலையா நீ?

— அடுப்புக்கரியால தரையெல்லாம் கணக்கு. ஏழுல போகல, பதிமூணுல போகல. தொண்ணூத்தி ஏழு, நூத்தி ஒண்ணு, எதுலயும் போகல. மனுசனைப் போயிச் சந்தேகப்பட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு. நூத்தி மூணுல போயிருச்சு. மிச்சமே இல்ல.

— கிருபா...

— யாரு அவ?

— எவ?

— வகுபடுற எண்ணை வகுபடாதுன்னு சொல்லி அனுப்புறீக. நாளும் எடமும் குறிச்சு, கடைக்காரர் வழியா எவளுக்கோ போகுதுன்னு நெனைக்காம?

— அடி கூறுகெட்டவளே. முன்னாடி இருக்கிற இருபது தேதி, இன்னைக்கு. மிச்சம் இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு தந்திக் கம்பத்து நம்பர். பொழுது அடையவும் எங்க ஆளுக ஏறி வெள்ளைக்காரன் கம்பியை அறுக்கப் போறாக. போதுமா?

— இதைச் சொல்ல எட்டு வருசத்துல உங்களுக்கு எம்மேல நம்பிக்கை வரல.

— பெரியகுளத்துல வகுத்துப் பாத்தா நான் தொலைஞ்சேன்.

— தொலைய மாட்டீக. அவளுக்குப் போற சேதி தப்பாப் போகட்டும்னு கடைசி ஒண்ணு மேல கோடு இழுத்து ஏழாக்கித்தான் பெட்டியில போட்டேன்.

— ஏழா?

— உங்க பொய்யும் மெய்யாயிரட்டுமேன்னு அதையும் வகுத்துப் பாத்தேன். நூத்தி நாப்பத்திரெண்டுக்கு மேல பாக்க வேண்டியதில்லன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக. அது எதுலயும் போகாது. ஏட்டு எழுதிக்கிட்டதும் அதைத்தான்.

— இருநூத்தித் தொண்ணூத்தி ஏழாம் கம்பம் பாலத்துக்கிட்ட இருக்கு, கிருபா. பாலத்துக்கு அடியில துப்பாக்கியோட போலீசு ஒளிஞ்சிருக்கு. அதுக்குத்தான் நான் ஆறு கம்பம் தள்ளிக் குறிச்சேன்.

— விளக்கு வச்சு நேரமாச்சே. யாரு ஏறுறா?

— உங்கிட்டக் கறுப்புத் துண்டு வாங்கிட்டுப் போனவன்.